கடைசி நிறுத்தம் எது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "திருநெல்வேலியின் நகரப் பேருந்துத் தடங்கள் எல்லாவற்றிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வருவதாகச் சொல்கிறீர்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து டவுன் வரை எல்லா வண்டியும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. நான்கு வண்டியில் ஏறினால் நாற்பதிலும் ஏறியதற்குச் சமம். ஒரு மாதத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை ஆண்டுகளா?"

9 செப்டம்பர் 2024

ஒரே சாலை என்பதை நான் மறுக்கவில்லை. சமாதானபுரத்தில் ஏறினாலும் மார்க்கெட்டில் ஏறினாலும், முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் கடந்து, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறக்கப்பட்ட பாலத்தடத்தில் தாமிரபரணியைத் தாண்டி, ரயில் நிலையம் இருக்கும் சந்திப்பில் கூட்டத்தை இறக்கி ஏற்றி, 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தட்டில் ஏறி இறங்கி, ஸ்ரீபுரம் வழியாக டவுன் ஆர்ச்சைப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாலான வண்டிகளின் நடுப்பகுதி. கேட்டவர் அந்த நடுப்பகுதியை மட்டுமே பார்த்திருக்கிறார். ஒரு வண்டி பேட்டையைத் தாண்டிச் சுத்தமல்லிக்குப் போகும். இன்னொன்று தச்சநல்லூர் வழியாகத் தாழையூத்துக்கும் ராஜவல்லிபுரத்துக்கும் போகும். மேலப்பாளையத்தைத் தாண்டி முன்னீர்ப்பள்ளத்துப் பக்கம் ஒன்று, சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிக்கு ஒன்று. பிரிந்த பிறகு ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் தொடங்கியதற்குக் காரணம் வேறு. முப்பது ஆண்டுகள் பாளையங்கோட்டையில் பேருந்து ஏறி, வாகையடி முக்கில் இறங்கிப் பள்ளிக்கு நடந்தேன். அந்தப் பேருந்தின் பலகையில் "சுத்தமல்லி" என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு கைகாட்டிய நான், அந்த ஊரை ஒரு நாளும் பார்த்ததில்லை. 2019 மே மாத இறுதியில் பணி ஓய்வு பெற்றேன். ஜூன் மாதம் ஒரு காலையில் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான வண்டியில் ஏறி, வாகையடி முக்கில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், முக்கு வந்துட்டு" என்றார்.

9 செப்டம்பர் 2024, இரவு

விதிகளைக் கேட்டிருக்கிறார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன். தொடக்க நிறுத்தத்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். நடுவில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் அது கணக்கில் சேராது. தூங்கினால் சேராது. பகலில் போக வேண்டும், ஏனென்றால் இருட்டில் பார்த்தது பார்த்ததாகாது. பலகையில் ஊர் ஒன்றாகவும் வழி வேறாகவும் இருந்தால் இரண்டு தடங்கள். திரும்பி வருவது எப்படியும் இருக்கலாம்.

எண்களை நான் நம்புவதில்லை. இங்கே யாரும் எண்ணைச் சொல்லி வண்டியைக் கேட்பதும் இல்லை. "சீவலப்பேரி போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

17 செப்டம்பர் 2024

முதல் விதியிலேயே ஓர் ஓட்டை இருப்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி. சந்திப்பில் இருந்த பழைய பேருந்து நிலையத்தை 2018-இல் இடித்தார்கள். புதிதாகக் கட்டி மீண்டும் திறந்தது 2024-இல். நான் பயணங்களைத் தொடங்கிய 2019-இல் அங்கே பேருந்து நிலையம் என்ற ஒன்றே கிடையாது, தகர வேலியும் பள்ளமும்தான். வண்டிகள் சாலையோரத்தில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நின்று ஆள் ஏற்றின. "தொடக்க நிறுத்தத்தில் ஏறினேன்" என்று அந்த ஆண்டுகளில் நான் எழுதி வைத்திருப்பதெல்லாம், ஒரு பழக்கடையின் முன்னாலோ ஒரு மின்கம்பத்தின் அடியிலோ நின்று ஏறியதைத்தான். அவற்றை மீண்டும் போக வேண்டுமா என்பது கேள்வி.

முதலில் வேண்டாம் என்று எழுதினேன். இப்போது எழுதும்போது மனம் மாறுகிறது. சந்திப்பிலிருந்தே புறப்படும் தடங்கள் என் பட்டியலில் பதினொன்று. மற்றவை பாளையங்கோட்டையிலோ மகாராஜ நகரிலோ புறப்பட்டுச் சந்திப்பைக் கடந்து போகிறவை, அவற்றுக்குப் பழுதில்லை. பதினொன்றையும் மறுபடி போகிறேன்.

வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டவருக்கு: சேர்த்திருக்கிறேன். அங்கிருந்து சந்திப்புக்கு ஓடும் வண்டி நெல்லையிலேயே மிகக் குறைவாகச் சிரிக்கும் மனிதர்கள் பயணம் செய்யும் வண்டி என்பதைத் தவிர, எழுத அதிகம் இல்லை. எல்லோரும் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரவெல்லாம் விழித்து வந்து இறங்கியவர்கள்.

2 அக்டோபர் 2024

கே.டி.சி. நகர்த் தடத்தைப் பற்றி வேறோர் இடத்தில் நான் எழுதியிருந்ததில் ஒரு பிழை. அந்தப் பெயர் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதியது சரி. கழகம் 1972-இல் தோன்றியது என்று எழுதியது தவறு. 1972-இல் தோன்றியது மதுரையின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். அதிலிருந்து பிரிந்து கட்டபொம்மன் கழகம் வந்தது 1974-இல். திருத்தியவர் அந்தக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆகவே எதிர்வாதம் செய்யாமல் ஒப்புக்கொள்கிறேன்.

1997-இல் கழகங்களின் பெயர்களிலிருந்தும் மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபோது, வண்டிகளின் பக்கவாட்டில் இருந்த கட்டபொம்மன் பெயரும் போனது. இப்போது அந்தப் பெயரை நகரத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடுவது கே.டி.சி. நகர் வண்டியின் நெற்றிப் பலகை ஒன்றுதான், அதுவும் மூன்று எழுத்தாகச் சுருங்கி. கடந்த வாரம் அந்த வண்டியில் அருகில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவியிடம் அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். ஏதோ நகைக்கடையின் பெயராக இருக்கும் என்றாள்.

20 அக்டோபர் 2024

இலவசத்தைப் பற்றி எப்படியும் கேட்பார்கள் என்று தெரியும், கேட்டுவிட்டார்கள். "பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது, ஓய்வூதியம் வாங்கும் நீங்கள் பொழுதுபோக்குக்காக அதைப் பயன்படுத்துவது சரியா?"

2021 மே மாதம் இந்தத் திட்டம் வந்தபோது என் பட்டியலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. 2020 மார்ச் இறுதியில் வண்டிகள் நின்றபோது நானும் நின்றுவிட்டேன், ஓராண்டுக்கு மேல் வாசற்படி தாண்டவில்லை. மறுபடி ஏறிய முதல் நாள் நடத்துநர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டணம் இல்லாத சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன். மகிழ்ச்சியாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பீடிக் கடைக்கு இலையும் தூளும் வாங்கப் போகிற பெண்கள் நெருக்கியடித்து நிற்கிற காலை வண்டியில், எங்கும் போக வேண்டிய தேவை இல்லாத நான் சன்னல் ஓர இருக்கையில் அமர்ந்திருப்பது உறுத்தியது. ஒரு நாள் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "ஓசியில ஊரச் சுத்துதாக" என்றது. என்னைச் சொல்லவில்லை, பொதுவாகப் பெண்களைச் சொன்னது. மற்றவர்களைப் பொறுத்தவரை அது பொய், என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணத்தின் எடை எனக்கு ஒன்று, பீடி சுற்றுகிறவருக்கு வேறொன்று. அதனால் காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும் மாலை நான்கிலிருந்து ஆறு வரைக்கும் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். திரும்பும்போது தனியார் வண்டி கிடைத்தால் காசு கொடுத்து அதில் வருகிறேன்.

21 அக்டோபர் 2024

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால், நான் பெரிய தியாகம் செய்ததுபோல் இருக்கிறது. தனியார் வண்டியில் பாட்டு நன்றாக இருக்கும், அதுவும் ஒரு காரணம்.

11 நவம்பர் 2024

கடைசி நிறுத்தங்களில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வேப்பமரமோ அரசமரமோ இருக்கும்; ஒரு தேநீர்க் கடை, அது காலை பத்துக்கு மேல் மூடியிருக்கும்; ஒரு நிழற்குடை, அதில் ஆட்டுக்குட்டிகள் படுத்திருக்கும். வண்டி ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நிற்கும். பார்க்க வேண்டியது இதுவன்று. கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தடத்திலும், நகர எல்லையைத் தாண்டிய பிறகு, கடைசி நிறுத்தத்தில் இறங்கி நிற்கும் அறியாத முகத்தை நோக்கி அந்த ஊர் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "யார் வீட்டுக்கு வந்திருக்கிய?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "சும்மா, பஸ் எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்க வந்தேன்" என்றால் முகம் மாறுகிறது. ஓர் ஊரில் என்னை மகளிர் குழுக் கடனை வசூலிக்க வந்தவள் என்று எண்ணி இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். பிறகு கோயில் பார்க்க வந்ததாகச் சொல்லத் தொடங்கினேன். கிருஷ்ணாபுரத்திலும் ராஜவல்லிபுரத்திலும் அது செல்லும், ஏனென்றால் முன்னதில் நாயக்கர் காலச் சிற்பங்களும் பின்னதன் அருகே செப்பறைக் கோயிலும் உள்ளன. வெளியூர் ஆள் வருவது அங்கே வியப்பில்லை. மற்ற ஊர்களில், "எங்க ஊர்க் கோயிலயா?" என்று அவர்களே சிரித்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே தடத்தில், ஒரே நாளில், நான் மூன்று பேர் ஆகிறேன். சந்திப்பில் "மேடம்". நகர எல்லையில் "யக்கா". கடைசி நிறுத்தத்தில் "ஆச்சி". தடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு வயது கூடுகிறது.

29 டிசம்பர் 2024

நண்பர் ஒருவர் சிற்றுந்துகளைச் சேர்க்க வேண்டும் என்கிறார். 1997-இல் அவை வந்தபோது, பெரிய வண்டி போகாத ஊர்களுக்கு என்றுதான் வந்தன. நம் பக்கத்தில் பாதி ஊர்களுக்கு நிறுத்தத்தின் பெயரே "விலக்கு" என்று முடியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கோவைப் பக்கம் "பிரிவு" என்றும் வட மாவட்டங்களில் "கூட்டு ரோடு" என்றும் சொல்வதுதான் நமக்கு விலக்கு. வண்டி உங்களை விலக்கில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும். ஊர் உள்ளே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும். அந்த இரண்டு கிலோமீட்டருக்கான வண்டி சிற்றுந்து. அவற்றையும் சேர்த்தால் என் ஆயுள் போதாது என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் விட்டதற்கான காரணம் அது மட்டும்தானா என்று இப்போது ஐயம் வருகிறது. சிற்றுந்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "யார் வீட்டுக்கு" என்ற கேள்வி ஏறும்போதே வந்துவிடும்.

சென்ற ஆண்டு வெள்ளத்தையும் இங்கே குறித்துவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில், இங்கே ஆறு கரை மீறிச் சந்திப்புவரை வந்தது. சில நாள் கழித்து வண்டிகள் ஓடத் தொடங்கியபோது நான் ஏறிய ஒன்று, சாலை அறுந்திருந்த இடத்தில் நின்று, பின்னால் நகர்ந்து, திரும்பிக்கொண்டது. பலகையில் இருந்த ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். எல்லோரும் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். என் குறிப்பேட்டில் அந்தத் தடத்துக்கு எதிரே "முடிந்தது" என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்தது. காணும் பொங்கலன்று வெளியே கிளம்பியது என் முட்டாள்தனம். அன்று பாளையங்கோட்டையிலிருந்து சந்திப்பு வரை நின்ற நிலையில், ஒரு சிறுவன் பிடித்திருந்த கரும்பின் தோகை முகத்தில் உரச, ஒன்றரை மணி நேரம். கணக்கில் சேர்க்கவில்லை.

3 மார்ச் 2025

மீதி இருப்பவற்றில் ஒன்று தீராத சிக்கல். மானூருக்கு அப்பால், கரிசல் காட்டுக்குள் ஓர் ஊருக்கு ஒரு வண்டி ஒரு குறிப்பிட்ட வழியாக நாளுக்கு ஒரே ஒரு நடைதான் போகிறது. அது கடைசி நடை, இரவு நிறுத்தம். ஒன்பது மணி அளவில் போய்ச் சேரும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். காலை ஐந்தரைக்கு முதல் வண்டியாகத் திரும்பும். பகலில் போக வேண்டும் என்ற விதியையே கைவிட்டால்தான் போக முடியும், போனால் திரும்ப வண்டி கிடையாது. ஆட்டோ வைத்துக்கொண்டு பின்னாலேயே வரச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஊர்வலம் போவதுபோல் இருக்கும்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, அதே ஊருக்கு வேறு வழியாகப் பகலில் போகும் வண்டியில் ஒரு பெண் பழக்கமானார். சுற்றிய பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு இலைக்கட்டோடு திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வி அவரிடமிருந்தும் வந்தது. நான் விழிப்பதைப் பார்த்து, "சரி, இனிமே எங்க வீட்டுக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். அவரிடம் தொலைபேசியில் இந்தச் சிக்கலைச் சொன்னேன். இதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை.

7 மார்ச் 2025

போய் வந்துவிட்டேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, அந்த வீட்டாரைக் கேட்கவில்லை.

சந்திப்பிலிருந்து ஏறும்போது நிற்க இடமில்லை. தச்சநல்லூர் தாண்டியதும் பாதி குறைந்தது. மானூருக்குப் பிறகு பதினான்கு பேர். ஊர் நெருங்கும்போது நான், நடத்துநர், ஒரு ஜவுளிக்கடைப் பணியாளர், இரண்டு கட்டட வேலைக்காரர்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, என் விதி சரிதான்; ஆனால் சன்னல் வழியாக வந்த வாசனையிலேயே எங்கே குளம், எங்கே அறுத்த வயல், எங்கே ஆட்டுக்கிடை என்று சொல்ல முடிந்தது. பகல் பயணங்களில் நான் மூக்கைப் பயன்படுத்தியதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கோயில் முன்னால் நிறுத்தி நடத்துநர், "கடைசி, எறங்குங்க" என்றார். ஜவுளிக்கடைப் பையன் என்னைப் பார்த்தான். அவன் கேட்பதற்கு முன்னால் நானே வீட்டுப் பெயரைச் சொன்னேன். ஐந்தே முக்கால் ஆண்டில் முதல் முறை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான்.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகு அந்தப் பெண் மடியில் தட்டை வைத்து, நனைத்த இலையைக் கத்தரித்துச் சுற்றத் தொடங்கினார். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கைகள் ஓடின. நான் ஒன்று சுற்றிப் பார்த்தேன். அதை வாங்கிப் பிரித்து, இலையைத் தனியாகவும் தூளைத் தனியாகவும் தட்டில் சேர்த்துவிட்டார்.

காலையில் ஐந்தேகாலுக்குக் கோயில் முன்னால் போய் நின்றால் வண்டி இல்லை. பதறிவிட்டேன். தண்ணீர் எடுக்க வந்த பெண் ஒருவர் தெருவின் மறுகோடியைக் காட்டினார். தெரு அங்கே குறுகி, வளைந்து, ஓட்டு வீடுகளைக் கடந்து, பள்ளிக்கூடத்துத் திடலில் போய் விரிகிறது. வண்டி அங்கே நின்றது. கோயில் முன்னால் திருப்ப இடம் இல்லாததால், ஆட்களை இறக்கிவிட்டு, ஏறத்தாழ ஒரு பர்லாங் உள்ளே கொண்டுபோய்த் திருப்பி நிறுத்துவது வழக்கமாம். ஓட்டுநர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கோயில்தானே கடைசி நிறுத்தம் என்று கேட்டேன்.

"அது ஆளு எறங்குத எடம்மா. வண்டிக்குக் கடைசி இதுதான்."

9 மார்ச் 2025

இரண்டு நாளாகக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தாறு தடங்களில் நாற்பத்தொன்று "முடிந்தது". அவற்றில் எத்தனை இடங்களில் வண்டி என்னை இறக்கிவிட்டு மேலும் உள்ளே போய்த் திரும்பி வந்தது? யோசித்தால் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரில் நான் தேநீர்க் கடையில் நின்றிருக்கும்போது வண்டி ஒரு சந்துக்குள் போய் மறைந்தது; ஐந்து நிமிடம் கழித்து முகம் திருப்பி வந்து நின்றது. இன்னோர் ஊரில் நடத்துநர் பின்னால் இறங்கி நின்று விசில் ஊதி ஊதிப் பின்னோக்கி வரச் செய்ததை, அழகாக இருந்தது என்று எழுதியே வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட நான் அந்த வண்டிக்குள் இல்லை.

பகல் விதியை எடுத்துவிட்டேன். திரும்பும் இடம் வரை போக வேண்டும் என்ற விதியைச் சேர்த்திருக்கிறேன். நேற்றே ஒரு தடத்தில் முயன்றேன். பின்னால் எடுக்கும்போது ஆள் உட்காரக் கூடாது என்று நடத்துநர் இறக்கிவிட்டார், அவர் செய்தது சரிதான். இன்று வேறொன்றில், "உக்காருங்க ஆச்சி, என்ன இப்ப" என்றார்கள். ஒரு வைக்கோல்போரைச் சுற்றித் திரும்பினோம்.

பீடிக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது நீண்ட நேரம் பேச்சே இல்லை. தட்டில் கத்தரி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்: "அப்பம் போன நவம்பர்ல எங்க ஊருக்கு வந்தீங்களே, அது?"

அதற்கு எதிரேயும் அடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.